பால் நிறத்தில் ஒயில்

கொழும்பில் மார்கழிக் குளிரென்றால்
விடியப்புறம் ஒரு ஸ்வெட்டர், எட்டு மணிக்கு வியர்வை.
ஆனாலும் மட்டக்குளி யார்டில் நிற்கும்
அந்தக் கிழட்டு ட்ரக்டருக்கு அதுவே போதும்.
ஸ்டார்ட் எடுக்கும், புகை விடும்.
லிவரைத் தூக்கினால் பின்பக்கத்து பிளேடு
லீவு கேட்டபோது பெரிய கிளாக்கரின் முகம் போல
அசையாமல் கிடக்கும்.

அரை மணித்தியாலம் சூடேறிய பிறகு
விக்கி விக்கி எழும்பும்.
எழும்பிய உயரத்தில் நிற்காது.
இஞ்சினை நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள்
நிலத்தைத் தொட்டுவிடும்.

ஹிங்குராக்கொடைப் பக்கம் வயல் உழுதது.
ஏலத்தில் வந்து
இப்போது கால்வாய்க்கரைச் சேறு வழிக்கிறது.
எனக்கு முன்பு இருந்தவர் விட்டுப்போன கொப்பியில்
இதற்கென்று ஒரே ஒரு வரி:
"இதை நம்பாதே."

முதல் கிழமை லிப்ட் மூடியைக் கழற்றினோம்.
தூக்க மூன்று பேர்.
பிஸ்டன் வளையம் என் கையில்
நனைந்த பிஸ்கட்டாய் உதிர்ந்தது.
கண்டுபிடித்துவிட்டோம் என்று சிரித்தோம்.
பஞ்சிகாவத்தையில் ஆறு கடை ஏறி இறங்கி
ஏழாவது கடையில் மேசைக்கடியிலிருந்து ஒன்று வந்தது.
வளையம் பழசு, விலை புதுசு.
பூட்டினோம். இரண்டு நாள் நின்றது.
மூன்றாம் நாள், இரவு மழைக்குப் பிறகு,
பழைய குருடி கதவைத் திறடி.

அப்புறம்தான் அடி ஆணியைத் திறந்தேன்.
தேன் நிறத்தில் வரவேண்டியது
பால்தேத்தண்ணியாய் வந்தது.
"அக்கா, சீனி போட்டால் விற்கலாம்"
என்றான் மஹ்தூம்.
தண்ணீர்.
பம்ப் அடித்து அடித்து ஒயிலோடு ஒன்றாக்கிய தண்ணீர்.
முப்பது லீற்றரையும் வடித்தோம், பில்டரைக் கழுவினோம்,
புதிதாய் ஊற்றினோம்.
பத்தாம் நாள் மறுபடி பால்.

கால்வாய்க்குள் இறக்கினாயா என்று
சாரதி விமலசூரியவைக் கேட்டேன்.
தாய்மேல் சத்தியம் பண்ணினார்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்றிரவு மழை விடவில்லை, பஸ்ஸும் இல்லை.
ஷெட்டுக்குள் ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தேன்.
இருட்டில் ஒரு சத்தம்.
டொக்.
இருபது எண்ணினேன்.
டொக்.
டோர்ச் அடித்தேன்.
கூரைத் தகட்டில் ஆணி கழன்ற ஓட்டை.
அதற்கு நேர்கீழே கியர் தடி.
தடியின் அடியில் ரப்பர் தொப்பி
வெடித்து, வாய் பிளந்து,
ஒவ்வொரு சொட்டாய் வாங்கி
விழுங்கிக்கொண்டிருந்தது.

தரையில் மஞ்சள் கோடு.
வாகனம் கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது சட்டம்.
மூன்று வருசமாய், அங்குலம் பிசகாமல்,
அதே ஓட்டைக்குக் கீழே.
கூரைக்கு எழுதிய கடிதம்
மூன்று கையெழுத்து வாங்கி
நாலாவதுக்கு இன்னும் கந்தோரில் நிற்கிறது.

விடிந்ததும் பழைய ரியூப் வெட்டித் தொப்பி செய்தேன்.
விமலசூரியவிடம் மன்னிப்புக் கேட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல் ட்ரக்டரை
மூன்றடி இடப்பக்கம் தள்ளி நிறுத்தினார்.
காலியான இடத்தில் ஒரு மாஜரின் டின் வைத்தோம்.
பரிசோதகர் வந்தார்.
கோட்டைத் தாண்டி நிற்பது ஏன் என்று கேட்டார்.
டின்னைக் காட்டினேன், முக்கால்வாசி நிரம்பியிருந்தது.
கோட்டை நகர்த்துவதற்குத் தனிக் கடிதம் எழுதச் சொன்னார்.

கொப்பியில் அந்த வரிக்குக் கீழே
"கூரையையும்" என்று எழுதிவைத்தேன்.

இன்று காலை, ஸ்வெட்டர் கழற்றுவதற்கு முன்பே,
முதல் இழுப்பில் பிளேடு எழும்பியது.
இஞ்சினை நிறுத்தினேன். பிளேன்டீ குடித்தேன்.
நிற்கிறது.
இன்னொன்று குடித்தேன்.
குனிந்து பார்த்தால் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
எங்கே கசிகிறது என்று
தேடப் போவதில்லை.